எண்ணெய் அடுப்புகளும் எரிபொருள் கட்டுப்பாடும்

பஞ்ச பூதத் தலங்களுள் திருவண்ணாமலை நெருப்புக்கு உரியது. கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயரமுள்ள அம்மலையின் உச்சியில் மகா தீபம் ஏற்றப்பெறுகிறது. ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணியும் அதற்குச் செலவாகின்றன. பல கல் தொலைவிலிருந்து கண்டு வணங்கப்படும் அச்சுடர் இரவெல்லாம் நிலைத்து எரிவது எவ்வாறு? நெய் முழுவதும் ஒரே நொடியில் பற்றிக்கொள்வதில்லை. திரியின் வழியே ஏறுகிறது. ஏறிய அளவுக்கு எரிகிறது. எரிபொருளுக்கு அளவான வழி அமைத்துவிட்டால் எவ்வளவு பெரிய நெருப்பும் கட்டுக்குள் நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் மேற்குப் பகுதியில், ஆதி அண்ணாமலையார் திருக்கோயிலைக் கொண்டு விளங்குவது அடி அண்ணாமலை. பௌர்ணமி தோறும் இலட்சக்கணக்கான மக்கள் இவ்வழியே நடந்து செல்கின்றனர். அவர்களுக்குத் தேநீரும் இட்டலியும் சுக்குக் காப்பியும் வழங்கும் கடைகளிலும், அன்னதானத்திற்காகச் சமைக்கும் கூடங்களிலும் அடுப்புகள் எரிந்தவண்ணம் இருக்கின்றன. கூட்டம் மிகுந்த பாதையோரத்தில் எரியும் அடுப்பு ஒன்று கட்டுமீறினால் விளையக்கூடிய தீங்கு, ஒரு வீட்டோடு நிற்பதன்று. அடி அண்ணாமலைக்குப் பொருந்தும் இவ்வுண்மை, தேரோட்டமும் சந்தையும் திருமணப் பந்தலும் நடைபெறும் எல்லாக் கிராமங்களுக்கும் பொருந்தும். ஆதலின் மண்ணெண்ணெய், டீசல் ஆகிய திரவ எரிபொருள்களைக் கொண்டு எரியும் அடுப்புகளைப் பற்றிப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் எடுத்துக்கூற முற்படுகிறோம்.

எரிவாயு பரவிவிட்ட இந்நாளில் இப்பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பெற்ற பின்னர் ஏழை எளியோர் வீடுகளிலும் எரிவாயு அடுப்பு வந்துள்ளது. மண்ணெண்ணெய் அடுப்பு அருகிவிட்டது. ஆனால் அருகிவிட்டது என்பதே ஓர் அபாயத்திற்கு இடமளிக்கிறது. எரிவாயு தீர்ந்துபோன நாளிலும் திருவிழாக் காலத்திலும், பரண்மேல் கிடந்த பழைய அடுப்பு கீழே இறக்கப்படுகிறது. அதன் வாஷர் காய்ந்திருக்கும், நிப்பிள் அடைத்திருக்கும், அதைக் கையாளும் பழக்கமோ இளைய தலைமுறைக்கு இராது. உணவு விடுதிகளிலும் சமையற்கூடங்களிலும் டீசல் அடுப்பு இன்றும் வழக்கில் உள்ளது.

எண்ணெயன்று, ஆவியே எரிகிறது

முதற்கண் ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் திரவமாக இருக்கும்வரை எரிவதில்லை. அது சூடேறி ஆவியாகி, காற்றுடன் தக்க அளவில் கலந்த பின்னரே தீப்பற்றுகிறது. ஓர் எண்ணெயின் ஆவி, அருகில் தீப்பொறி காட்டியவுடன் பற்றிக்கொள்ளும் அளவுக்கு எழும்புகின்ற வெப்பநிலையே அதன் பற்றுநிலை எனப்படும்.

மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் பற்றுநிலை 35 டிகிரி செல்சியசுக்குக் குறையக்கூடாது என்று இந்தியத் தர விதிகள் கூறுகின்றன. பெட்ரோலுக்கோ அது பனிக்கட்டி உறையும் நிலைக்கும் ஏறத்தாழ 40 டிகிரி கீழே உள்ளது. அதாவது, பெட்ரோல் எந்தக் காலத்திலும் எந்த இடத்திலும் பற்றிக்கொள்ள ஆயத்தமாகவே இருக்கிறது. மண்ணெண்ணெயும் டீசலும் அத்தகையன அல்லவெனினும், நம் மாவட்டத்தின் சித்திரை, வைகாசி வெயிலில், தகரக் கூரையிட்ட சமையற்கூடத்தில், அடுப்புக்கு அருகிலேயே வைக்கப்பட்ட எண்ணெய்த் தகரம் 35 டிகிரியை எளிதில் கடந்துவிடும். ‘மண்ணெண்ணெய் தானே, தீக்குச்சி விழுந்தாலும் அணைந்துவிடும்’ என்று சொல்லக் கேட்கிறோம். குளிர்ந்த எண்ணெய்க்கு அது ஓரளவு பொருந்தலாம். சூடேறிய எண்ணெய்க்கு ஒருபோதும் பொருந்தாது.

இவ்வாவிகள் காற்றைவிடக் கனமானவை. ஆகவே மேலே சென்று கலைந்துவிடாமல் தரையோடு தரையாகப் பரவி, பள்ளமான இடங்களில் தங்கும். எண்ணெய் சிந்திய இடத்திற்குச் சில அடி தொலைவிலுள்ள விளக்கும் அதைப் பற்றவைக்கக் கூடும். மேலும், முழுவதும் நிரம்பிய கலத்தில் ஆவிக்கு இடமில்லை. அடியில் சிறிதளவு எண்ணெய் கிடக்கும் கலத்திலோ மேற்பகுதி முழுவதும் ஆவியும் காற்றுமாகவே இருக்கும். ‘காலி டப்பா’ என்று அலட்சியமாக அடுப்போரம் எறியப்படுவது உண்மையில் காலியானதன்று.

திரி அடுப்பு

திரி அடுப்பில் எண்ணெயை மேலேற்றுவது திரியே. பல திரிகள் உள்ள அடுப்பில் எல்லாத் திரிகளும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று உயர்ந்து நின்றால் அது புகைந்து எரியும். ஒன்று எரிந்து தேய்ந்து குழாய்க்குள் இறங்கிவிட்டால், அத்துளையின் வழியே சுடர் தொட்டிக்குள் இறங்க இடமுண்டாகும். திரிகளை ஒழுங்காகக் கத்தரித்தலும், ஒரு திரிகூடக் குறையாமல் வைத்தலும், இவ்வடுப்பின் எரிபொருள் கட்டுப்பாடு முழுவதும் அடங்கிய செயல்களாம்.

எரிந்துகொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றுதல் கூடவே கூடாது. பிள்ளைகள் பசியோடு காத்திருக்கும்போதும் அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, வேறிடத்திற்கு எடுத்துச் சென்று, புனல் வைத்து ஊற்றுதலே முறை. வாயால் ஊதி அணைப்பதும் தவறு. ஊதிய காற்று சுடரைத் தொட்டிப் பக்கம் தள்ளக்கூடும். திரியை இறக்கித் தானே அணையவிட வேண்டும்.

பம்பு அடுப்பு

பம்பு அடுப்பு 1892ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் லிண்ட்க்விஸ்ட் என்பவரால் உருவாக்கப்பட்டு, ‘பிரைமஸ்’ என்ற பெயருடன் உலகெங்கும் பரவியது. இதில் திரி இல்லை. தொட்டிக்குள் பம்பினால் அடைக்கப்படும் காற்று எண்ணெயை நடுக்குழாய் வழியே மேலே தள்ளுகிறது. சூடான பர்னருக்குள் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் நுண்துளை வழியே சீறி வெளிவந்து, காற்றோடு கலந்து நீலச் சுடராக எரிகிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கும் இம்முறையிலேயே இயங்குவது.

இதில் எரிபொருளைக் கட்டுப்படுத்துவன மூன்று: தொட்டியில் உள்ள காற்றழுத்தம், பர்னரின் சூடு, நிப்பிள் துளையின் அளவு. இம்மூன்றில் எது தவறினாலும் அடுப்பு கைமீறும்.

பர்னர் போதிய அளவு சூடேறுமுன் பம்பு அடித்தால், ஆவிக்குப் பதிலாக எண்ணெயே பீறிட்டு மஞ்சள் நிறச் சுடர் ஆளுயரம் எழும்பும். அப்போது மேலும் பம்பு அடிப்பது பெருந்தவறு. உடனே காற்றுத் திருகைத் தளர்த்தி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டால் எண்ணெய் ஏறுவது நின்று தீ தணியும். அத்திருகு எங்குள்ளது, எப்பக்கம் திருப்ப வேண்டும் என்பதை அடுப்பைத் தொடும் ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எண்ணெய் ஊற்றும் மூடியை எரியும்போது திறத்தல் ஆகாது. அழுத்தத்தோடு வெளிவரும் எண்ணெய்த் தூவல் நேரே சுடரில் பாயும்.

தொட்டியில் முக்கால் பாகத்திற்கு மேல் எண்ணெய் ஊற்றக்கூடாது. காற்றுக்கு இடம் வேண்டும். நிப்பிள் அடைத்தால் அதற்குரிய ஊசியால்தான் குத்த வேண்டும். தையல் ஊசியாலும் கம்பியாலும் குத்தித் துளை பெரிதாகிவிட்டால், அடுப்பு தன் அளவுக்கு மிஞ்சிய எண்ணெயைக் குடிக்கத் தொடங்கும். மூட்டுகளில் எண்ணெய் கசிந்தால் சோப்பை அப்பி அடைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. சூடேறியவுடன் சோப்பு இளகி உதிரும். கசிவு சுடருக்கு அருகிலேயே வெளிப்படும். சில ரூபாய் விலையுள்ள வாஷரை மாற்றுவதே தக்கது. அகன்ற அண்டாவைச் சிறிய அடுப்பில் ஏற்றுவதும் ஆபத்தானது. கீழ்நோக்கித் திரும்பும் வெப்பம் தொட்டியைச் சுட்டு, அழுத்தத்தை மிகைப்படுத்தும். பம்பு அடுப்புகள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருத்தல் வேண்டுமென 1997ஆம் ஆண்டில் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. முத்திரையற்ற அடுப்பை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குதல் சிக்கனமாகாது.

டீசல் அடுப்பு

உணவு விடுதி, தேநீர்க் கடை, திருமண மண்டபம் ஆகியவற்றில் காணப்படும் டீசல் அடுப்பைச் சற்று விரிவாக ஆராய்தல் வேண்டும். உயரத்தில் ஒரு தொட்டி; அதிலிருந்து இறங்கும் குழாய்; நடுவில் ஒரு வால்வு; கனத்த இரும்பு பர்னர்; காற்றூட்டும் மின்சார புளோயர்; இவையே இதன் உறுப்புகள். எண்ணெய் தன் எடையினாலேயே இறங்கி வருகிறது. தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு விசையோடு எண்ணெய் வரும். பம்பு அடுப்பில் அழுத்தம் குறைந்தால் எண்ணெய் தானே நின்றுவிடும். இங்கோ, வால்வை மூடினாலன்றி எண்ணெய் நிற்பதேயில்லை. நெருப்பு அணைந்தாலும் வரும். ஆள் இல்லாவிட்டாலும் வரும்.

சரியாக மூடாத வால்வு வழியே நொடிக்கு ஒரு சொட்டு வீதம் டீசல் விழுவதாகக் கொள்வோம். 30 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கிட்டால் மணிக்கு 120 மில்லிலிட்டர். இரவு 8 மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆகும். காலையில் தீக்குச்சியைக் கிழித்து அடுப்பருகில் குனிபவர், ஒரு லிட்டர் டீசல் தேங்கிய பள்ளத்தின்மீது குனிகிறார் என்பதை அறியார்.

இவ்வடுப்பின் பெரும் அபாயம் மின்தடையின்போது நேர்வதாகும். மின்சாரம் நின்றவுடன் புளோயர் நிற்கிறது. காற்றில்லாமையால் சுடர் மங்கிப் புகைந்து அணைகிறது. ‘அடுப்பு அணைந்துவிட்டது’ என்று எண்ணிச் சமையற்காரர் வேறு வேலையைக் கவனிக்கச் செல்கிறார். ஆனால் எண்ணெய் நின்றபாடில்லை. பழுக்கக் காய்ந்த பர்னரில் சொட்டுச் சொட்டாக விழும் டீசல் வெண்புகை போன்ற ஆவியாகி அடுப்பின் வயிற்றில் நிரம்புகிறது. பத்து நிமிடம் கழித்து மின்சாரம் வருகிறது. புளோயர் தானே சுழன்று, தேங்கிய ஆவிக்குத் தேவையான காற்றை ஊட்டுகிறது. சாம்பலுக்குள் ஒரு கனல் இருந்தால் போதும். எல்லாம் ஒருசேரப் பற்றி, அடுப்பு வாயிலிருந்து நெருப்பு கூரை வரை தாவுகிறது. பௌர்ணமி இரவில், கடையின் முன்னே மக்கள் நெருங்கி நிற்கும் வேளையில் இது நிகழ்ந்தால் என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

பெரிய ஆலைகளின் கொதிகலன்களில் இதற்குத் தானியங்கிக் கருவிகள் உள்ளன. அவை முதலில் காற்றை மட்டும் செலுத்திப் பழைய ஆவியைத் துரத்துகின்றன. பின்னர் பொறியும் எண்ணெயும் தருகின்றன. சில நொடிகளுக்குள் சுடர் தோன்றாவிட்டால் எண்ணெய் வரும் வழியைத் தாமே அடைத்துவிடுகின்றன. நமது சிறிய அடுப்புகளில் அக்கருவிகள் இல்லை. ஆகவே ஆலையில் கருவி செய்யும் வேலையை இங்கே மனிதனின் கை செய்தல் வேண்டும். அதன் முறை வருமாறு:

1. ஏற்றுமுன் பர்னரில் எண்ணெய் தேங்கியுள்ளதா என்று பார்த்துத் துடைத்தெடுக்க வேண்டும். வால்வை மூடிவைத்தே புளோயரைச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும்.

2. அடுத்து, எரியும் துணியைப் பர்னரில் இட்டு, காற்றைக் குறைவாக வைக்க வேண்டும்.

3. இறுதியாகவே எண்ணெய் வால்வைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும்.

4. அணைக்கும்போது முதலில் எண்ணெயை மூட வேண்டும். சுடர் முற்றிலும் அடங்கிய பின்னரே காற்றை நிறுத்த வேண்டும்.

5. மின்சாரம் நின்றால், மறுநொடியே எண்ணெய் வால்வையும் புளோயர் சுவிட்சையும் மூட வேண்டும். பர்னர் ஆறும்வரை மீண்டும் ஏற்றுதல் கூடாது.

சுருங்கச் சொன்னால், கடைசியில் திறப்பதும் எண்ணெய். முதலில் மூடுவதும் எண்ணெய். படிப்பறிவில்லாத தொழிலாளியும் நினைவில் வைக்கத்தக்க இந்த ஒரு விதியை ஒவ்வொரு சமையற்கூடத்தின் சுவரிலும் எழுதிவைத்தல் நலம்.

தொட்டி அமைக்கும் முறையிலும் கவனம் தேவை. தொட்டியும் குழாயும் உலோகத்தாலானவையாக இருத்தல் வேண்டும். பிளாஸ்டிக் குழாய் வெப்பத்தில் இளகிவிடும். தொட்டியை அடுப்புக்கு நேர்மேலே வைக்காமல் சுவருக்கு அப்பால் வைத்து, மூடியிட வேண்டும். ஒரு நாளைத் தேவைக்கு மேற்பட்ட எண்ணெயை அதில் நிரப்பலாகாது. அடுப்பருகில் ஒரு வால்வு போதாது. தொட்டியின் அடியில், வெளிப்புறத்தில், மற்றொரு வால்வு இருத்தல் இன்றியமையாதது. அடுப்பு தீப்பிடித்து எரியும்போது அடுப்பருகிலுள்ள வால்வை எவரும் நெருங்க இயலாது. மின்சாரம் நின்றவுடன் தானே மூடிக்கொள்ளும் மின்காந்த வால்வு கடைகளில் கிடைக்கிறது. வசதியுள்ளோர் அதைப் பொருத்துதல் சாலச் சிறந்தது.

கலப்பும் சேமிப்பும்

விவசாயிகள் கவனிக்க வேண்டிய முக்கிய விஷயம் ஒன்றுண்டு. மருந்து தெளிக்கும் விசைக் கருவிக்கும் களையெடுக்கும் இயந்திரத்திற்கும் பெட்ரோல் வாங்கி வைக்கிறோம். மோட்டாருக்கு டீசலும் வீட்டில் மண்ணெண்ணெயும் இருக்கின்றன. மூன்றும் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் கேன்களில் ஒரே மூலையில் வைக்கப்படுகின்றன. பெட்ரோல் இருந்த கேனைக் கழுவாமல் மண்ணெண்ணெய் ஊற்றினால், எஞ்சிய சிறிதளவு பெட்ரோலே அதன் பற்றுநிலையைத் தாழ்த்திவிடும். அந்த எண்ணெயை அடுப்பில் ஊற்றுபவர் மண்ணெண்ணெய் என்று நம்பியே தீக்குச்சியைக் கிழிக்கிறார். எனவே மூன்றுக்கும் தனித்தனிக் கலங்கள் வேண்டும். வேறு வேறு வண்ணம் பூசி, பெயர் எழுதிவைக்க வேண்டும். பெட்ரோல் வீட்டுக்குள் வரவே கூடாது. குளிர்பானப் புட்டியில் மண்ணெண்ணெய் வைத்தல் குழந்தைகளுக்கு எமனாகும். தவறிக் குடித்துவிட்ட குழந்தையை வாந்தியெடுக்கச் செய்யலாகாது. எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றுவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமமின்றி 30 லிட்டருக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது. மண்ணெண்ணெயும் டீசலும் அடங்கிய வகுப்பிற்கு அவ்வரம்பு 2,500 லிட்டர். ஆனால் சட்டம் அனுமதிக்கும் அளவு வேறு. அடுப்படியில் வைக்கத்தக்க அளவு வேறு. அன்றாடத் தேவைக்கு மேற்பட்டது எதுவும் சமையற்கூடத்திற்கு வெளியே, நிழலில் இருத்தலே அறிவுடைமை.

தீப்பிடித்தால் செய்வன

முதற்கடமை எரிபொருளை நிறுத்துவது. வால்வை மூடாமல் எவ்வளவு மணல் கொட்டினும் தீ மீண்டும் எழும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றலாகாது. எண்ணெய் தண்ணீரினும் இலேசானதாகையால் மிதந்து, எரிந்துகொண்டே நாற்புறமும் பரவும். மணல், உலர்தூள் தீயணைப்பான், சிறிய தீயாயின் நன்கு நனைத்துப் பிழிந்த சாக்கு ஆகியவையே பயன்படும். தீ கூரையை எட்டிவிட்டால் போராடுதல் வேண்டா. மக்களை அப்புறப்படுத்தி, 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும்.

ஒருவர் உடையில் தீப்பற்றினால் அவரை ஓடவிடாமல் தரையில் உருளச் செய்து, பருத்திப் போர்வையால் மூட வேண்டும். தீப்புண்ணின்மீது 20 நிமிடம் தூய குளிர்ந்த நீர் ஊற்றுதலே சிறந்த முதலுதவி. மை, பற்பசை, மாவு முதலியவற்றைப் பூசுதல் புண்ணைக் கெடுக்கும். 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பஞ்சாயத்துகளின் பங்கு

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் எழுந்த தீ, கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் கவர்ந்தது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் மதுரையில் நின்றிருந்த யாத்திரிகர் இரயில் பெட்டியில், சமையலுக்கெனக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையால் நேர்ந்த தீயில் 9 பேர் மாண்டனர். இவ்விரண்டிலும் காரணம் எண்ணெய் அடுப்பன்று. எனினும், மக்கள் கூடும் இடத்திற்கும் அடுப்புக்கும் இடையே போதிய தொலைவும் தடுப்பும் இல்லாவிட்டால் சில நிமிடங்களில் என்ன நேரும் என்பதை இவை நமக்கு உணர்த்துகின்றன.

தீபத் திருவிழா கார்த்திகையில் வருகிறது. அதற்கு முன்னர் அக்டோபர் 2ஆம் நாளும், உள்ளாட்சி தினமாகிய நவம்பர் 1ஆம் நாளும் கிராம சபை கூடுகிறது. திருவிழாவும் சந்தையும் நடைபெறும் ஊர்களில் பின்வருவனவற்றை அக்கூட்டங்களில் விவாதித்துத் தீர்மானமாக இயற்றலாம்:

தற்காலிகக் கடைகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் இடைவெளி விட்டு அமைத்தல். அடுப்பை மக்கள் நடக்கும் பக்கம் வைக்காமல் பின்புறம் வைக்கச் செய்தல். அடுப்புக்கு மேல் கீற்றும் துணியும் இல்லாமல் தகரம் வேயச் செய்தல். கடைதோறும் இரண்டு வாளி மணல் வைத்தல். டீசல் தொட்டிக்கு வெளிப்புற வால்வு உள்ளதா என்று திருவிழாவிற்கு ஒரு வாரம் முன்பே பார்வையிடுதல். தீயணைப்பு நிலையத்தாரை வரவழைத்து, மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும் சமையற்காரர்களுக்கும் செயல்முறை விளக்கம் அளிக்கச் செய்தல். அன்னதானம் செய்வோர் முன்அனுமதி பெறும்போதே அடுப்பின் வகையையும் எரிபொருள் வைக்கும் இடத்தையும் தெரிவிக்கச் செய்தல்.

இவற்றுள் பெரும்பொருட்செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. மணல் நம் ஊரிலேயே உள்ளது. வாஷரும் வால்வும் பக்கத்து நகரத்தில் கிடைக்கின்றன. வேண்டுவது, மூடிய வால்வை மூடியதுதானா என்று மீண்டும் ஒருமுறை தொட்டுப் பார்க்கும் பழக்கமே. கடையை அடைத்துச் செல்வோர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டே நகர்கின்றனர். அந்தக் கவனம் எண்ணெய் வால்வுக்கும் உரித்தானது. நடந்து களைத்து வருவோருக்கு உணவளிப்பது நம் நாட்டின் பழைய அறம்; அவ்வுணவு வெந்த அடுப்பால் எவருக்கும் தீங்கு நேராமற் காப்பதும் அவ்வறத்தின் பகுதியேயாகும். இதனைத் தம் கடமையாக ஏற்றுப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் பொதுமக்களும் ஒத்துழைப்பார்களென நம்புகிறோம்.